ஐநூறு கோடி விருந்தாளிகள்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், குழாய்த் தண்ணீர் நலம், நான் நலமா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், பாதியில் மடித்து வைக்காமல் படி.

உன் விருந்தாளிகள் பார்சலில் வந்து சேர்ந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்து கிருமியைக் கொன்று பிழைத்தவன் வீட்டுக்கு, மாத்திரைக்கு ஐநூறு கோடி கிருமி, அதுவும் உயிரோடு! பெற்ற பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். நல்ல பாக்டீரியாப்பா, வயித்துக்கு நல்லதுன்னு போனில் சொன்னாயே, நல்லது கெட்டது என்று அதன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்குமா என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பல் வீக்கத்துக்கு ஆன்டிபயாட்டிக் விழுங்கி மூன்று நாளாகக் கழிப்பறையிலேயே குடியிருந்தவள், டாக்டரைக் கேட்டுவிட்டு உன் மாத்திரையைப் போட்டாள், இரண்டே நாளில் வயிறு அடங்கியது. தானாகவே அடங்கியிருக்கும் என்றேன். என் பொண்ணு அனுப்பினா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது என்று கேட்டாள்.

எரிந்துதான் நானும் போட ஆரம்பித்தேன், யாரிடமும் சொல்லாமல். பத்தாம் நாள் குளிரும் காய்ச்சலும், நேரே ஆஸ்பத்திரி. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா என்று நர்ஸ் கேட்டார், இல்லை என்றேன். நீ அனுப்பியதை மருந்தாக நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை குறைவதைக் கவனித்திருந்த அம்மாதான் புட்டியைக் கொண்டுவந்து, பொண்ணு அனுப்பினது என்று டாக்டர் மேஜையில் வைத்தாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்ல உடம்பை இது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, உங்களை மாதிரி எதிர்ப்புச் சக்தி விழுந்த உடம்புல ரத்தத்துக்குள்ளயே போயிடலாம், உங்க பொண்ணுக்குத் தெரியாதா என்றார்.

எப்படித் தெரியும்? நான்கு மாதமாக எனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்பதை உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிய மேதாவி நான்தானே. வீடியோ காலில் மொட்டைத் தலை தெரியாமலிருக்க வீட்டுக்குள் தொப்பி போட்டவனும் நான்தான். நீ வேறு ஸ்டைலா இருக்குப்பா என்றாய். ரத்தத்தில் உன் விருந்தாளிகள் யாரும் இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது, காய்ச்சலும் இறங்கிவிட்டது, பயப்படாதே. நான்தான் பயந்துபோனேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஒரு தப்பும் செய்யாத நீ அந்தப் புட்டியை நினைத்து நினைத்தே காலமெல்லாம் அழுதிருப்பாய். மன்னித்துவிடு கண்ணு.

நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, லீவு கிடைத்ததும் புறப்படு, சளி இருமல் இருந்தால் சரியான பிறகு வா, டாக்டர் உத்தரவு. கிருமி எதுவும் வேண்டாம், நீ மட்டும் வா.

இப்படிக்கு,
தொப்பியைக் கழற்றிவிட்ட
உன் அப்பா