ஆரோக்கியராஜ் எழுதுவது

ராயபுரம், திருப்பூர்
11.6.2006

அன்புள்ள ஜோதிக்கு,

பயப்படாதே. எழுதுவது உன் புருஷன் மாரிச்செல்வம்தான். நான் சாகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேனில் லாரி மோதியதே, அன்று நான் அதில் போகவில்லை. ஒருத்தன் மட்டம் போட்டால் கூட்டாளி அவன் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டு பார்ப்பது இங்கே பழக்கம். என் அட்டையோடு போனவன் என் அறையில் இருந்த ஆரோக்கியராஜ், வடக்கன்குளத்துக்காரன். முகம் சிதைந்துவிட்டதால் அட்டையைப் பார்த்து உனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. தினம் சண்டை, உன் அண்ணன் பஞ்சாயத்து, எல்லாம் ஒரேயடியாக விட்டது என்றிருந்தது. அவன் பெயரிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்தேன். இப்போது கட்டிங் மாஸ்டர். ஆனாலும் "ஏனுங்க ஆரோக்கியம்" என்று யாராவது கூப்பிட்டால், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் காதர்பேட்டையில் நம்மூர் பெரியகருப்பன் யாரிடமோ பேசிக்கொண்டு போனான். நதியாவுக்கு ஆவணியில் சடங்காமே! அப்பன் இல்லாத பிள்ளையாக அவள் மனையில் உட்காரக் கூடாது. ஒரு வரி எழுது, வந்துவிடுகிறேன்.

உன்,
மாரிச்செல்வம்


சாத்தூர்
20.6.2006

உயர்திரு ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, ஊர் பார்க்கத்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். கல்குவாரி வேலையில் நசுங்கிப் போனதில் என் புருஷனுக்கு இடது கால் சுண்டுவிரல் கிடையாது. அங்கே கிடந்தவர் இடது காலில் ஐந்து விரலும் இருந்தன. "உம் புருஷந்தானாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார். "ஆமாய்யா, அவுகதான்" என்றேன். பொங்கலுக்கு வந்தவர் பெல்ட்டால் அடித்த காயம் என் இடுப்பில் ஆறாத வாரம் அது. தப்பித்தது நீங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

நதியா அப்பா படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். படத்தில் இருப்பவர் கை ஓங்குவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. யாரென்று தெரியாமலே ஒருவரை எங்கள் சுடுகாட்டில் எரித்துவிட்டேன். வேதக்காரப் பிள்ளை என்று இப்போதுதானே தெரிகிறது. மண்ணில் வைத்துச் சிலுவை நட்டிருக்க வேண்டும். பெற்றவள் இருந்தால் இரண்டு வருஷமாக வழி பார்த்துக்கொண்டிருப்பாளே! அவளுக்கு உண்மையை எழுதுங்கள். என் பாவத்தையும் சேர்த்தே எழுதுங்கள், வந்து என்னை ஏசிவிட்டுப் போகட்டும்.

இங்கே வர வேண்டாம். வந்தால், இவர் யாரென்றே தெரியாது என்பேன்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற மாரிச்செல்வத்தின் மனைவி
நாகஜோதி


ராயபுரம், திருப்பூர்
2.7.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா கிருபையால் நலம். வடக்கன்குளத்தில் எல்லோரும் நலமா? இத்தனை நாள் எழுதாததற்கு என்னை மன்னியுங்கள். கையில் மிஷின் ஊசி ஏறிவிட்டது. எழுத்து மாறியிருந்தால், படித்துக் காட்டுகிறவர்கள் சந்தேகப்பட வேண்டாம்.

நல்ல கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது. நீங்களும் என்னைத் தேடி அலைய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
ஆரோக்கியராஜ்