நான்காவது கேள்வி

மார்ச் 3

மகளுக்கு,

உன் அம்மாவுக்கு வரவேண்டிய ஐசியு படுக்கையை உன் ஆஸ்பத்திரி வேறொருத்திக்குக் கொடுத்தது. நீ அங்கேதான் டாக்டர். தடுக்கவில்லை. ஏழு மணி நேரம் வராந்தாவில், ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தாள். "கொஞ்சம் பொறுங்கப்பா, பாத்துக்கலாம்" என்றாய். நான் பொறுத்தேன். அவளால் முடியவில்லை.

அந்த அம்மாளுக்கும் அதே அறுபத்தெட்டு வயது, அதே மூச்சுத்திணறல். எதை வைத்துப் பிரித்தீர்கள்? பம்பு மெக்கானிக் பெண்டாட்டிதானே என்றா? எழுத்தில் பதில் கொடு. போனில் அழாதே.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் இருமுவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

படுக்கை யாருக்கு என்று முடிவு செய்யும் அறையில், ஒரு டாக்டரின் சொந்தக்காரர் படிவம் வந்தால் அந்த டாக்டர் வெளியேற வேண்டும். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே மூன்று பேர். பெயரோ தொழிலோ அவர்களுக்குத் தெரியாது. படிவத்தில் உள்ள பதில்களுக்கு மட்டும் மதிப்பெண் போடுவார்கள். அம்மாவுக்கு ஒன்று குறைந்தது. இதற்கு மேல் கேட்காதீர்கள் அப்பா.

உங்கள் மகள்

மார்ச் 14

எந்தக் கேள்வியில்? நீ சொல்லாவிட்டால் அந்த மூன்று பேரிடம் நானே வந்து கேட்பேன்.

அப்பா

மார்ச் 20

அப்பா,

அம்மாவின் படிவ நகல் இத்துடன் இருக்கிறது. நான்காவது கேள்வி: 'நோய்க்கு முன் நடக்கத் துணை தேவைப்பட்டதா?' ஆம் என்றால் ஒரு மதிப்பெண் குறையும்.

"கொடுங்க ஐயா, நான் எழுதறேன்" என்றாராம் நர்ஸ். "பம்பு மேனுவலையே தானாப் படிச்சவன்மா நான்" என்று நீங்கள் பேனாவை விடவில்லையாம்.

'ஆம். என் கையைப் பிடித்துத்தான் நடப்பாள்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா தினமும் ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடி ஏறியது எனக்குத் தெரியும். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

மகள்

மார்ச் 27

மகளுக்கு,

என் கையெழுத்துதான். எழுதியது பொய்யில்லை. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அப்படித்தான் நடந்தாள். கேள்விதான் தப்பு.

வார்டு மறுபடி நிரம்புகிறதாமே. எனக்கும் மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறேன். அதனால் நடக்க வேண்டியவை:

அந்த மூன்று பேர் கேள்வியை மாற்ற வேண்டும். மாடி ஏறுவாரா, வாளி தூக்குவாரா என்று கேட்கட்டும்.

எழுதியது புருஷனே ஆனாலும், நர்ஸ் ஒருமுறை படித்துக்காட்டி "இது சரியா?" என்று கேட்க வேண்டும்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுக்காரியிடம் இருக்கட்டும்.

என்னைக் கொண்டுவரும் அன்று நீ கதவுக்கு வெளியே நிற்கும் முன், என் படிவத்தை நிரப்ப வேண்டும். நான் கேட்டாலும் பேனாவை என்னிடம் கொடுக்காதே.

அப்பா