தூண்டில் முள்ளின் காது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல். எல்லோரும் நலம் என்பது எழுதும் வழக்கத்துக்காக, மிச்சத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா படகை அலைத்தடுப்புக் கல்லில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். இருபத்தெட்டு வருஷமாகப் படகு ஓட்டுகிறவருக்குக் கல் இருக்குமிடம் தெரியாதா என்று கேட்காதே, அவருக்குத் தெரியும், உள்ளே போயிருந்த சரக்குக்குத்தான் தெரியவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை. படகில் சமைக்கப் போன உன் சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று, கொஞ்ச நாள் வாய் மூடியிருக்கும் என்று சித்திக்குப் பாதி சந்தோஷம். படகு முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டீசல் கேனோடு பாட்டிலையும் ஏற்றி அனுப்புகிற புண்ணியவான் அவர்தான். கேட்டால், அது இல்லேன்னா ஒருத்தனும் ஏற மாட்டான்மா என்கிறார். அவர் தொடுவதில்லை, வயிற்றுப்புண்ணாம். தன் வயிறு என்றால் மட்டும் எவ்வளவு அறிவு பார்.

என் புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன் பிரிக்கும் கொட்டகையிலேயே கிடக்கிற என் மூக்குக்குக் குடித்த வாடை தெரியாது, அதனால் ஆறு மாதமாக எஞ்சின் சாவியை நான் இடுப்பில் செருகி வைத்திருந்தேன். கிளம்புமுன் அவர் தூண்டில் முள்ளின் காதில் நைலான் நரம்பைக் கோர்த்துக் காட்ட வேண்டும், மூன்று தடவைக்குள் கோர்த்தால் சாவி, இல்லாவிட்டால் அன்று படகு கரையில். கொட்டகைப் பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்துப் பெரிய மனுஷியாகிவிட்டேன். போன மாதம் இரண்டு நாள் அவரால் கோர்க்கவே முடியவில்லை, கை வெடவெடவென்று ஆடியது. சத்தியமா ரெண்டு நாளா தொடவே இல்லடி என்றார். நான் சிரித்தேன். உங்க சத்தியத்தை உப்புப் போட்டுக் காயவச்சா ஒரு வருஷத்துக்குச் சாப்பிடலாம் என்றேன். கல்லில் ஏற்றிய அன்று ஒரே தடவையில் கோர்த்தார், நானும் பூரித்துப்போய்ச் சாவியைக் கொடுத்தேன்.

அடிபட்டவர்களைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் குடித்த உடம்புக்குக் குடிக்காவிட்டால்தான் கை நடுங்குமாம், இரண்டு மடக்கு உள்ளே போனால் நின்றுவிடுமாம். ஆக உன் அம்மா குடித்த நாளெல்லாம் சாவி கொடுத்து நாலு உயிரைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறாள், குடிக்காத நாளில் வைது வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள். அவர் உண்மை சொன்ன இரண்டு நாளும் சிரித்தேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்து நாள் படுக்கவைத்து மருந்து கொடுத்து நிறுத்தலாம், வீட்டில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். பையன் வந்து கூப்பிட்டா போறேன் என்கிறார் உன் அப்பா. என்னோடு வர வெட்கம். லீவு கேட்டுப் புறப்படு. வழக்கமாக அவருக்கென்று தூக்கி வருகிற வெளிநாட்டு பாட்டில் இந்தத் தடவை வேண்டாம்.

இன்னொன்று. போன தடவை போனில், மீன்பிடிக் கப்பலில் குளிர் எலும்பைத் துளைக்கிறது, சூட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்றாய். கல்யாணமான முதல் மாதம் உன் அப்பா என்னிடம் சொன்னதும் இதேதான், ஒரு சொல் மாறவில்லை. அப்போது கொளுத்துகிற கோடை.

நீ நூறு வயது இருக்க வேண்டும், அந்த நூறும் தெளிவாக இருக்க வேண்டும். என்றைக்கு வருகிறாய் என்பதை போனில் சொல்லாதே, உன் கைப்பட நாலு வரி எழுதிப் போடு. காலையில் எழுந்ததும் எதையும் தொடாமல் எழுது. எழுத்து ஆடினால் ஆடட்டும், கை ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருக்காமல் அப்படியே அனுப்பு. சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா