சோகைக் கட்டு

கச்சிராயபாளையம் அருகிலிருந்து,
ஐப்பசிக் கடைசி ஞாயிறு.

மதிப்பிற்குரிய தேவிப்ரியா மேடம் அவர்களுக்கு,

வீரமணியின் மனைவி கோகிலவாணி எழுதுவது. திரையில் அவர் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிந்தவள். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அந்தச் சொல்லால்தான் இவ்வளவும் வந்தது. அதனால் விட்டுவிடுகிறேன்.

தாளில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் செயலியில் இப்போது எழுத இடம் இல்லை. புதன்கிழமை திறந்தேன். திரை முழுக்கக் கலர் காகிதம் பறந்தது. நீங்கள் முழுப் பணிக்குத் திரும்பத் தயார், வாழ்த்துகள் என்று வந்தது. கீழே ஐந்து நட்சத்திரங்கள். எங்களுக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டது. நாங்கள் எழுதும் கட்டத்தைக் காணவில்லை. மருத்துவமனைச் சீட்டின் அடியில் உங்கள் மையத்தின் சென்னை முகவரி இருந்தது. நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்று தெரியும். இது உங்கள் கைக்கு வருமா என்று தெரியாது.

மேடம், வீடியோவில் அவர் தூக்கிய அந்தக் கட்டு பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவர் கரும்பு லோடு ஏற்றுகிறவர். வெட்டிக் கட்டிய கரும்பைத் தலையில் வைத்து, சாய்த்துப் போட்ட பலகையில் ஏறி, டிராக்டர் பெட்டியில் அடுக்க வேண்டும். போன அரவைப் பருவத்தில் அந்தப் பலகையிலிருந்துதான் விழுந்தார். முதுகெலும்பு. அறுவை சிகிச்சை. பிறகு மறுவாழ்வுப் பிரிவில் நடக்கப் பழகியது. இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாதது ஒன்று. வேலைக்குத் திரும்ப ஆன்லைன் உதவி என்று உங்கள் பெயரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த முதல் புதன்கிழமை நீங்கள், வீரமணி அண்ணா, உங்களுக்கு என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்று கேட்டீர்கள். அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. திரும்பும் வழி முழுக்க அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எங்கள் தெருவில் சிக்னல் நிற்காது. கோமுகி அணைக் கரைமேல் ஏறினால் கிடைக்கும். ஒவ்வொரு புதனும் அவரை டி.வி.எஸ்ஸில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். நீங்கள் பார்த்த அந்த அழகான மலை, கல்வராயன். மேடம் அது இன்னா மலைன்னு கேட்டாங்களே, பேரு சொன்னேன், ரொம்ப நல்லா இருக்குன்னாங்க என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மலையைத் தானே வளர்த்தவர் மாதிரி.

வலியை ஒரு முகமாகக் காட்டுங்கள் என்று செயலி கேட்கும். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. அவர் தினமும் சிரிக்கிறதையே அமுக்கினார். ஏன் என்றால், அந்தம்மா அவ்ளோ அன்பா கேக்கறாங்க, அழுவுற மூஞ்சிய அமுக்குனா நல்லாவா இருக்கும் என்பார். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டேன் என்று சொல்கிற வழக்கம். பட்டினியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். உங்கள் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கும்.

அப்புறம் அந்த வீடியோ. கான்ட்ராக்டர் ராஜாங்கத்திடம் நீங்களே பேசி ஒத்துக்கொள்ள வைத்தீர்கள். பாரம் தூக்கக் கூடாது என்று உங்கள் மையம் எழுதிக்கொடுத்தால், ஆலை வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் நாற்காலி அவருக்கு. எழுதுமுன், வேலை செய்வதை ஒரு தடவை எடுத்து அனுப்புங்கள், மதிப்பீடு செய்ய வேண்டும் என்றீர்கள். எங்கே முடியாமல் போகிறது என்று பார்க்கத்தான் கேட்டீர்கள். எனக்குப் புரிந்தது. அவருக்கும் சொன்னேன். அவரோடு லோடு ஏற்றும் கேங்குக்குப் புரியவில்லை.

மதிப்பீடு என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் பாஸ் ஆக வேண்டும். எங்கள் பக்கம் ஓர் ஆளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உன்னால் முடியவில்லையா, சரி, இந்தா நாற்காலி என்று யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட பரீட்சையை அவர்கள் எப்படி நம்புவார்கள்.

நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம். கேங்கில் கட்டுக் கட்டுவது பாப்பாத்தி அக்கா. வெளிச்சுற்றுக்கு மட்டும் கரும்பு வைத்து, உள்ளே முழுக்கச் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலையைத் திணித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். பார்த்தால் முழுக் கட்டு. எடை, ஒரு தலையணை. டேய் வீரா, இதத் தூக்கலன்னா வெளிய சொல்லாத, என் கோழிகூடத் தூக்கிக்கினு ஓடும் என்றாராம். மேஸ்திரி சின்னக்கண்ணு போனைப் பிடித்துக்கொண்டு, மூஞ்சிய இறுக்கமா வெச்சிக்கடா, ரொம்ப லேசாத் தூக்குனா அந்தம்மாவுக்கு டவுட் வந்துடும் என்றாராம். கடைசியில் ஒரு விசில் சத்தம் கேட்டிருக்கும். அது சின்னக்கண்ணுவேதான்.

அனுப்பிவிட்டு டீயும் போண்டாவும் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்பில் செய்தார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் ராஜாங்கத்துக்கு வந்தது. போய்க் கேட்டேன். ஃபிட்டுன்னு பேப்பர் வந்துடுச்சும்மா, ஃபிட்டான ஆளுக்கு நான் சேர் போட்டுக் குடுத்தா மத்தவன் சும்மா இருப்பானா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அரவை தொடங்கும்வரை நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், மாற்றி எழுதி வாங்கிவா என்றும் சொன்னார்.

மாற்றி எழுதிக்கொடுங்கள், மேடம். அவரால் பாரம் தூக்க முடியாது. தண்ணீர்க் குடத்தையே இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நகர்த்துகிறார். நான் பார்க்காத நேரமாகப் பார்த்து.

பணிவுடன்,
கோகிலவாணி

*

கார்த்திகை, தீபத்துக்கு மறுநாள்.

அன்புள்ள தேவிப்ரியா அக்கா,

மேடம் என்று எழுதி அடித்துவிட்டேன். பிடிக்காவிட்டால் நீங்கள் இதை அடித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கிடைத்ததும் நீங்களே கூப்பிட்டீர்கள். நன்றி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆனால் மூடிய கோப்பைத் திறக்கப் புதிய மதிப்பீடு வேண்டும் என்றீர்கள். அதுவும் நேரலையில். உண்மையான கட்டோடு. வலித்தால் உடனே நிறுத்திவிடச் சொல்லுங்கள் என்றீர்கள். பிறகு லைன் போய்விட்டது. என்ன நடந்தது என்பதில் பாதிதான் உங்கள் திரையில் தெரிந்தது. மீதியை எழுதுகிறேன்.

முதல் நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். தோற்பதற்கு ஒத்திகை. குனியணும், முழங்கால்வரை தூக்கணும், கீழே போடணும், முடியல மேடம்னு சொல்லணும். குனிந்தார். தூக்கினார். போட்டார். வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரவில்லை. கொஞ்சம் சிரமம் என்றார். லேசா புடிக்குது என்றார். நாளைக்குச் சரியாயிடும் என்றார். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். ஒரு சொல்லை என் கணவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

மறுநாள் கட்டையும் சிக்னல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. அணைக் கரைமேல் கரும்புக் கட்டு வந்தால் யார்தான் நின்று பார்க்க மாட்டார்கள். மாடு மேய்க்கிறவர்கள். அணை பார்க்க வந்த குடும்பங்கள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். பாப்பாத்தி அக்கா இந்தத் தடவை நிஜக் கட்டுக் கட்டிக்கொண்டே, எங் கையாலயே கட்ட வெச்சிட்டியேடி என்று என்னைத் திட்டினார். சின்னக்கண்ணு மேஸ்திரி அவர் காதோரம், போட்டுடு மாப்ள, பாதியிலயே போட்டுடு, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் திரையில் வந்தீர்கள். உங்கள் குழந்தை மடியில் ஏறி எட்டிப் பார்த்தது. வீரா மாமா என்றது. எத்தனையோ புதன்கிழமைகளாக அது கூப்பிடுவதுதான்.

அந்த நேரம் பார்த்து ராஜாங்கம் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். இன்னா வீரமணி, போன தடவ பூ தூக்கற மாதிரி தூக்குன, இன்னிக்கி இன்னா, நாற்காலி ஞாபகம் வந்துடுச்சா என்றார். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. சாதாரணச் சிரிப்பு.

அவர் குனிந்தார். முழங்கால்வரை தூக்கினார். அங்கே நிறுத்த வேண்டும். என்னைப் பார்த்தார். திரையில் உங்கள் குழந்தையைப் பார்த்தார். தூக்கினார், அக்கா. தலைக்கு ஏற்றினார். கரைமேல் நடந்து காட்டினார். திரும்பி வந்து சிரித்தார். குழந்தை கை தட்டியது. நீங்களும் சூப்பர் அண்ணா என்று தொடங்கினீர்கள். பாதியில் உங்கள் முகம் மாறியது. நீங்கள் எதையோ பார்த்தீர்கள். எதை என்று தெரிந்துகொள்ளும் முன்னால் படம் நின்றுவிட்டது. உங்கள் வாய் திறந்தபடியே.

பிறகு செயலியில் ஒரு வரி. முந்தைய மதிப்பீடு உறுதி செய்யப்பட்டது. நீங்கள் போட்டதா, செயலி தானாகப் போட்டதா, தெரியாது. மறுபடியும் கலர் காகிதம். ராஜாங்கம் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

என் கணவர்மேல் கோபமா என்று கேட்டால், ஆம். ஊர்மேல், பாப்பாத்தி அக்காமேல், உங்கள்மேல், கை தட்டிய உங்கள் குழந்தைமேல்கூட ஒரு நிமிடம். ஒரு மனிதன் தன்னால் முடியாது என்று காட்டினால்தான் பிழைக்கலாம். அதற்கும் பார்வையாளர்கள் வேண்டும். யார் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதை எழுதுவதற்கான காரணம் வேறு.

இன்று காலை அவர் காலை நீட்டி உட்கார்ந்து தினத்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். பாயை இழுக்கும்போது என் கொலுசு அவர் வலதுகால் பெருவிரலில் மாட்டிக் கீறிவிட்டது. இரத்தம் வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். நான் உட்கார்ந்து அந்த விரலைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். அவர், மழ வரும்னு போட்டிருக்கான் என்றார். அன்று திரையில் நீங்கள் பார்த்தது இந்தக் காலைத்தானா.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஃபிட்டுன்னு எழுதிக்குடுத்த ஆளு ஆஸ்பத்திரிக்குப் போனா அந்தம்மா பேருதான கெடும் என்கிறார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என் பேச்சு எடுபடவில்லை. மேஸ்திரி பேச்சும். பொண்டாட்டியும் கூட்டாளியும் பாவம் பார்த்துச் சொல்வார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் சொல் அவருக்குப் பாவம் இல்லை, படிப்பு.

வருகிற வியாழக்கிழமை அரவை தொடங்குகிறது. கேங்கில் அவர் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை இருக்கிறது. கோப்பு மூடிவிட்டது, தெரியும். எந்த மதிப்பீடும் வேண்டாம். நாற்காலியும் வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு அவரை அணைக் கரைக்குக் கூட்டிவருகிறேன். எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நலம் என்றுதான் சொல்வார். முகத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். சிரிப்பார். கோகிலா, போனைக் கீழே இறக்கு என்று சொல்லுங்கள். காலைக் காட்டு என்று சொல்லுங்கள். கிள்ளு என்று சொல்லுங்கள். நான் கிள்ளுகிறேன். அவர் தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நீங்கள் பார்த்துவிட்டு, தூக்காதீங்க அண்ணா என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் குழந்தைமேல் ஒரு நிமிடம் கோபப்பட்டேன் என்று எழுதியிருந்தேன். அது நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். ஓடியாடி விளையாடட்டும். விழுந்தால், வலிக்குது என்று வாய்விட்டு அழட்டும்.

கரைமேல் காத்திருப்போம். அங்கே சிக்னல் இருக்கும்.

கோகிலவாணி