விதைக்கையில் இருந்த வரி அறுக்கையில் இல்லாமற்போனது குறித்து

அனுப்புநர்:
கொண்டைக்கடலை பயிரிடும் பெண் விவசாயி,
உழவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண் 37,
கிழக்கு வாய்க்கால் கடைமடை.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
இறக்குமதி வரி நிர்ணயப் பிரிவு,
வணிகத் துறைத் தலைமை அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: கொண்டைக்கடலை மீதான இறக்குமதி வரியை அறுவடைக்கு நான்கு நாள் முன்னர் நீக்கி, நாங்கள் விற்று முடித்த பின்னர் மீண்டும் விதித்தமை – விளக்கமும் எழுத்துப்பூர்வ உறுதியும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வரி உண்டு என்ற துறையின் துண்டறிக்கை. 2. வரி இல்லை என்ற ஆணை. 3. வரி மறுபடியும் உண்டு என்ற ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று தாள்களையும் வரிசையாக அடுக்கிப் படித்தேன். வரிசையை மாற்றியும் படித்துப் பார்த்தேன். எப்படிப் படித்தாலும் இடையில் நசுங்குவது நாங்களாகவே இருப்பதால் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1. என் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே எங்கள் நான்கு ஏக்கரை நானும் அவருடைய தங்கையும்தான் பார்த்து வந்தோம். வழக்கமாக மக்காச்சோளம் போடுவோம். பெரிய லாபமும் இல்லை, பெரிய அடியும் இல்லை. சென்ற ஆண்டு விதைப்புக்கு முன்பு வேளாண் விரிவாக்க அலுவலர் சங்கக் கட்டடத்துக்கு ஒலிபெருக்கியுடன் வந்து, தங்கள் துறையின் துண்டறிக்கையை வழங்கினார். அதில் அமைச்சர் அவர்கள் ஒரு கடலைச் செடியை வேர் மேலே இருக்குமாறு பிடித்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் கடலைக்கு நாற்பது விழுக்காடு வரி விதிக்கப்பட்டிருப்பதாகவும், இனி உள்நாட்டு விவசாயிக்குக் கவலை இல்லை என்றும் அச்சிட்டிருந்தது. "தைரியமா கடலை போடுங்கம்மா. வெளியிலேர்ந்து ஒரு மணி கூட உள்ள வராது, நான் கேரண்டி" என்று அலுவலர் மைக்கிலேயே சொன்னார். அவருக்கு இப்போது வேறு மாவட்டத்துக்கு மாறுதல் ஆகிவிட்டது. கேரண்டியையும் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார் போலும்.

2. என் நாத்தனாருக்கு இதில் விருப்பமில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியது என் கடமை. "அண்ணி, சோளம் நமக்குப் பழகினது. இவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க" என்றார். நான்தான், "அரசாங்கமே அச்சடிச்சு கொடுத்திருக்கு, அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அரசின் சார்பில் நான் செய்த பிரசாரம் அது. அதற்கு ஊதியம் எதுவும் கோரவில்லை.

3. தங்கள் மூன்றாம் தளத்தில் கடலைச் செடி வளர்வதற்கான வாய்ப்பு குறைவு என்பதால் சிறு குறிப்பு. அதன் இலையில் ஒரு புளிப்பு நீர் கசியும். காலையில் களை எடுக்கும்போது அது விரல் வெடிப்பில் இறங்கினால் மதியம் வரை எரியும். காய்ப்புழு வந்தால் மருந்து மட்டும் போதாது. குனிந்து கையால் பொறுக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வரிசை பிடித்து, யார் டப்பாவில் புழு அதிகம் என்று போட்டி போட்டுப் பொறுக்கினோம். பெரும்பாலும் நாத்தனாரே வென்றார். பயிர் நன்றாக வந்தது. வேளாண் துறையினர் எங்கள் வயலில் 'மாதிரிப் பண்ணை' என்று பலகை நட்டார்கள். பலகை நடுவதற்காக எட்டுச் செடிகளைப் பிடுங்கினார்கள். அதை நாங்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம்.

4. அறுவடைக்கு நான்கு நாள் இருக்கையில், நுகர்வோர் நலன் கருதி வரி முழுமையாக நீக்கப்படுவதாக ஆணை வந்தது. நுகர்வோர் நலனுக்கு நான் எதிரி அல்ல. நானும் சோப்பு வாங்குகிறேன், செருப்பு வாங்குகிறேன். எங்கள் மருந்து தெளிப்பானின் முனை வெளிநாட்டுச் சரக்கு. அதற்கு வரி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. புழுவைக் கொல்லும் கருவிக்கு வரி உண்டு, விவசாயியைக் கொல்லும் சரக்குக்கு வரி இல்லை என்ற கொள்கையின் நுட்பம் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. தயவுசெய்து விளக்க வேண்டுகிறேன்.

5. வரி நீங்கிய ஆறாம் நாள் துறைமுகத்தில் கடலைக் கப்பல் நின்றது. அந்த நாட்டிலிருந்து இங்கே வர முழுதாக ஒரு மாதம் ஆகும் என்று துறைமுகத்துக்குச் சுமை ஏற்றப் போகும் என் கணவர் சொல்கிறார். அப்படியானால் ஆணை பிறப்பதற்கு வெகு முன்பே கப்பலுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. நடுக்கடலில் இருப்பவருக்குச் சொல்ல முடிந்தவர்கள், வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் எங்களுக்கும் ஒரு போன் போட்டிருக்கலாம். சங்கக் கட்டடத்தில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

6. மண்டியில் பதினெட்டு வருடப் பழக்கமுள்ள வியாபாரி எங்கள் மூட்டையில் கூடக் கை வைக்கவில்லை. "அக்கா, உங்க கடலை தங்கம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எல்லாரும் கப்பல் சரக்குக்கு முன்பணம் கொடுத்துட்டாங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கையைப் பிசைந்தார். இரண்டு நாள் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் மழை மேகம் திரண்டதைப் பார்த்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். அது முந்தைய ஆண்டு விலையில் பாதி கூட இல்லை. எங்கள் வட்டாரத்து அறுவடை தொடங்கிக் கடைசி மூட்டையும் மண்டியை விட்டு நகரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. இருபதாம் நாள் காலை, விவசாயிகள் நலன் கருதி வரி மீண்டும் விதிக்கப்பட்டது. இவ்வளவு துல்லியமாக நேரம் பார்க்கும் துறை வேறு ஏதேனும் உண்டா என்று தெரியவில்லை. எங்கள் வட்டாரப் பேருந்துகளைத் தங்களிடம் ஒப்படைத்தால் நன்றாக இருக்கும்.

7. இழப்பீடு கேட்டு வட்டார அலுவலகத்துக்குச் சென்றேன். படிவத்தில் இழப்பின் காரணத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன: வறட்சி, வெள்ளம், பூச்சி, காட்டு விலங்கு. அரசாணைக்குக் கட்டம் இல்லை. எழுத்தர் நல்ல மனிதர். எனக்காக வெகுநேரம் யோசித்தார். "வெளியிலேர்ந்து வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போச்சுன்னுதானேம்மா சொல்றீங்க? அப்போ வெள்ளம்னு போட்டுடலாம்" என்று அவரே குறியிட்டார். நானும் அரசு அலுவலரின் சொல்லைத் தட்டக் கூடாது என்று கையெழுத்திட்டேன்.

பத்து நாளில் ஓர் ஆய்வாளர் வெள்ளத்தைப் பார்க்க வந்தார். அப்போது கோடை. வாய்க்கால் காய்ந்து, வயல் உள்ளங்கை அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. அவர் மழைக்காலக் காலணி அணிந்து வந்திருந்தார். நான்கு மூலைக்கும் நடந்தார். பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பிறகு, 'நேரடி ஆய்வில் வெள்ளம் காணப்படவில்லை, மனு தள்ளுபடி' என்று எழுதினார். அவர் எழுதியது உண்மை. எங்கள் விவகாரத்தில் அரசுத் தரப்பிலிருந்து எழுதப்பட்ட ஒரே உண்மையும் அதுதான் என்பதால் அவர் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை.

8. சித்திரையில் என் நாத்தனார் துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் வரும் கடலையைச் சலித்து, மூட்டை கட்டி, வாய் தைக்கும் வேலை. திங்கள்தோறும் காலை ஐந்து மணி வண்டிக்குப் போகிறார். அங்கேயே மற்ற பெண்களோடு அறை எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் வருகிறார். முதல் ஞாயிறு வந்தபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நம்மளதை விடச் சின்ன கடலைதான் அண்ணி. ஆனா பாஸ்போர்ட் வச்சிருக்கு இல்ல, அதான் மரியாதை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூசியில் அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

ஐயா, அவர் இதுவரை ஒருமுறை கூட, "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லிச் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, அத்தோடு விட்டிருப்பேன். தங்கள் நேரமும் மிச்சமாகியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாததால்தான் தங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

9. இவ்வாண்டுத் துண்டறிக்கையும் வந்துவிட்டது. வரி அறுபது விழுக்காடாம். தாள் இம்முறை இன்னும் வழவழப்பாக இருக்கிறது. புதிய விரிவாக்க அலுவலர் என்னைக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னார், மாதிரி விவசாயி என்ற முறையில். எழுந்தேன். "அறுக்கிற அன்னிக்கும் இந்த வரி இருக்கும்னு யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் மைக்கை வாங்கிக்கொண்டு, அடுத்த நிகழ்ச்சி சொட்டு நீர் என்று அறிவித்தார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. சொட்டு நீருக்கு அல்ல என்று நம்புகிறேன்.

10. ஆகவே நான் கேட்பது மானியம் அல்ல, விருது அல்ல, இன்னொரு பலகையும் அல்ல. வரி வைப்பதோ எடுப்பதோ தங்கள் விருப்பம். ஆனால் விதைக்கும் அன்று எந்த வரி இருக்கிறதோ, அதுவே அந்தப் பயிர் அறுத்து விற்கப்படும் வரை இருக்கும் என்று தங்கள் முத்திரையுடன் ஒரு வரி எழுதித் தர வேண்டும். மாற்றுவதாக இருந்தால் விதைப்புக்கு முன்பே மாற்றுங்கள். நாங்கள் பழையபடி சோளம் போட்டுக்கொள்கிறோம். கடலைக்குத் தேவை நூற்றுப் பத்து நாள். ஓர் அரசு அத்தனை நாள் சொன்ன சொல்லில் நிற்பது கடினம்தான் என்பதை அறிவேன். ஆயினும் முயன்று பார்க்கலாம்.

11. இம்மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டும். அதற்கு மேல் மண்ணில் ஈரம் நிற்காது. ஈரத்துக்குக் கால நீட்டிப்பு வழங்கும் அதிகாரம் தங்கள் பிரிவுக்கு இல்லை என்று விசாரித்து அறிந்தேன்.

தங்கள் எழுத்து வந்தால், நாத்தனார் கிடங்கு வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் இரண்டு ஏக்கரைத் தரிசாகப் போட்டுவிட்டு, மீதி இரண்டை நான் ஒருத்தியாகப் பார்ப்பேன். எது என்பதைத் தாங்களே முடிவு செய்து, விரைவாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் துண்டறிக்கையை ஒருமுறை நம்பிய,

(ஒப்பம்) சங்க உறுப்பினர் எண் 37
(ஒப்பம்) அவருடைய நாத்தனார் – ஞாயிறன்று வீட்டுக்கு வந்தபோது முழுவதும் படித்துப் பார்த்து இட்டது

இடம்: கிழக்கு வாய்க்கால் கடைமடை
நாள்: அக்டோபர் 9

இணைப்பு: துண்டறிக்கைகள் இரண்டு, ஆணை நகல்கள் இரண்டு, வெள்ளம் காணப்படவில்லை என்ற ஆய்வறிக்கை ஒன்று.