பாலிக் என்று நீ எழுதியது

நேற்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு மலேசியக் குடும்பம் காருக்காகக் காத்து நின்றது. வெயில் தாளாத சின்னப் பெண் அம்மாவின் புடவையை இழுத்து இழுத்து, "பாலிக், பாலிக்" என்று அழுதாள். நான் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அது நம் வார்த்தை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக் கல்லூரிக்குப் பாசஞ்சரில் போய்வந்த மூன்று வருஷமும், எதிர் சீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாமல் பேச நாம் ஒரு பாஷை கட்டினோம். பாதிக்கு மேல் நீ கட்டியது. 'பாலிக்' என்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று அர்த்தம். ஆலப்பாக்கம் வருவதற்குள் பத்துத் தடவையாவது சொல்வாய்.

படிப்பு முடிந்ததும் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்கு உன்னை நிக்காஹ் செய்து அனுப்பினார்கள். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய்: "நம்ம பாலிக் இங்க நெஜமாவே இருக்குடி. வீட்டுக்குத் திரும்பிப் போறத மலாய்க்காரங்க அப்படித்தான் சொல்றாங்க." படித்துச் சிரித்தேன். பிறகு மறந்துபோனேன்.

அடுத்த வருஷம் வந்த கடிதம் நாலே வரி. ஓயாத மழை, உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று எழுதிவிட்டு, "எனக்குத் தெனமும் பாலிக்தான்" என்று முடித்திருந்தாய். அவ்வளவு சந்தோஷமா, எனக்கும் கொஞ்சம் அனுப்பு என்று கேலியாகப் பதில் போட்டேன். அதற்கு நீ எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து உன் வீட்டுக்குத் தந்திதான் வந்தது. மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்றார்கள்.

மறுநாள் காலை உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசிக் கடிதத்தை நீ நம் பாஷையில் எழுதவில்லை.

அவற்றை எடுத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதங்களை என்னையே படிக்கச் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன்.

"ஏம்மா, இங்க வரணும்னு எங்கியாச்சும் எழுதுனாளா?"

"இல்லம்மா. சந்தோஷமாத்தான் இருந்திருக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு டீ போட எழுந்து போனார்.

ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அடுத்த கப்பலிலேயே உன்னை அழைத்துவர ஆள் அனுப்பியிருப்பார். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை. வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.