காரிநங்கை வரலாற்றுக்கு ஒரு வாய்ச்சொல்

மழை பொய்யாத தேனாற்று நாட்டைத் தாயெனப் புரக்கும் கோமகள் நன்முல்லைத் தேவியாரின் திருவாணையால், பேரமைச்சன் கண்ணந்தை எழுதுவது. படைமுகத்தில் புறங்கொடாத கருங்குன்றக் கோட்டத் தலைவர் வேள் எழிலாதனார் காண்க. நும் குன்றில் தேனும் தினையும் குறைவின்றி விளைக. நும் குடி நோயறியாது வாழ்க.

நிற்க. தலைநகர்க் கல்விச்சாலையில் கற்று முடிப்போர், இந்நாட்டுச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடி எழுதி அவையில் வாசித்தல் வேண்டும் என்பதும், பிறந்த மனையார் வாய்ச்சொல் இல்லாத வரலாறு அரங்கேறாது என்பதும் நீவிர் அறிந்த முறையே. இவ்வாண்டு தத்தை என்னும் மாணாக்கி, வைசூரி வந்த காலத்தில் துறைமுகத்து மக்களைக் காத்து அந்நோயிலேயே உயிர் நீத்த மருத்துவி காரிநங்கையாரைத் தேர்ந்தாள். அவர் நும் மகளார்.

முதலில் அவருடைய நினைவுக்கல்லைத் தேடிப் போனாள். ஆயிரம் யானைகளை அமரில் வென்று பகைவர் மதில் இடித்தவர் என்று அதில் வெட்டியிருந்தது. நம் கல்தச்சர் வழக்கம் நீவிர் அறியாததா? யாருக்குக் கல் நட்டாலும் அரசர்க்குரிய புகழுரையை முதலில் வெட்டிவிட்டு, இடமிருந்தால் பெயரைச் சேர்ப்பார்கள். குளம் தோண்டியவரும் யானை வென்றவர், கூத்தாடியவரும் யானை வென்றவர். மற்ற மாணாக்கர் தாம் தேர்ந்தவர் கல்லில் கண்டதை அப்படியே படியெடுத்து வந்து நிற்க, இத்தனை யானைக்கு நம் நாட்டில் தழை ஏது என்று தேவியார் கேட்டுச் சிரித்தார். தத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சி ஊட்டிய கைக்கு யானை எதற்கு என்று கேட்டவள், கல்லை விட்டு மனிதரைத் தேடிப் புறப்பட்டாள்.

நும் கோட்டை வாயிலுக்கும் வந்தாள். சோறிட்டு உபசரித்தீர், அதில் குறையில்லை. பின்னர், இம்மனையில் அப்பெயரில் மகள் எவரும் பிறந்ததில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டீர். வழியெல்லாம் அழுதுகொண்டே திரும்பினாள் அப்பெண். வரும் முழுநிலா நாளில் அவை கூடுமுன் நும் வாய்ச்சொல் வராவிடில், அவள் தேடியதெல்லாம் வீணாகும். கல்லில் உள்ள பொய்யே நிலைக்கும்.

தேவியார் எழுதப் பணித்த செய்தி இவ்வளவே; ஆணை கடைசியில் வரும். இனி எழுதுவது, உன்னோடு ஒரே பாசறையில் உண்டு உறங்கிய கண்ணந்தை.

எழிலா, நோய் பரவிய துறைமுகத்துக்குப் போகாதே என்று மகளை நீ தடுத்ததும், படி தாண்டினால் நீ என் மகளில்லை என்றதும், அவள் தாண்டிப் போனதும் எனக்குத் தெரியும். அன்றுமுதல் அவள் பெயரைச் சொன்னவரை நீ வாசலில் சேர்ப்பதில்லை. முரட்டுப் பிடிவாதக்காரன் நீ. மகளை வெறுத்துவிட்டாய் என்று ஊர் நம்பட்டும், நான் நம்பவில்லை. பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவன் எதையும் மறந்தவனல்லன்.

தத்தை துறைமுகத்தில் கேட்டு வந்ததைச் சொல்கிறேன். அங்கே வலை பின்னும் கொற்றி என்பவள், உன் மகள் கையால் பிழைத்தவள். பெரிய இடத்துப் பெண் இந்த நோய்க்குள் ஏன் வந்தாய் என்று அவள் கேட்டபோது காரிநங்கை சொன்னாளாம்:

“எங்க அப்பாதான் போய்ப் பாரென்று அனுப்பி வைத்தார்.”

எல்லாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். உங்கள் சண்டையை அங்கே ஒருவரும் அறியார். பிழைத்த வீடுகளில் பிள்ளைக்கு முதற்சோறு ஊட்டும்போது, மகளைக் கொடுத்த கருங்குன்றத்து ஐயா நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் இன்றும் ஊட்டுகிறார்கள்.

தந்தை அனுப்பியதாகவே எழுதலாமா என்று தத்தை என்னைக் கேட்டாள். நீ அனுப்பவில்லை என்பதை நான் அறிவேன், ஆனால் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய வாய் உன்னுடையது.

ஆகவே தேவியார் ஆணை. இவ்வோலையோடு நும் வாயிலில் நிற்பவள் அந்த மாணாக்கியே. உள்ளே அழைத்து அமர்த்துக. காரிநங்கை எப்படிச் சிரிப்பாள், எதற்கு அடம்பிடிப்பாள், யாரிடம் கோபிப்பாள் என்று அவள் கேட்பதற்கெல்லாம் மெய்யே உரைக்க. தடுத்ததைச் சொன்னாலும் குற்றமில்லை. மறுமொழி ஓலை வேண்டா. அப்பெண் கேட்டு வந்தால் போதும். தேவியார் தம் கையால் மீன்கொத்தி முத்திரை பொறித்தார். குன்றும் குடியும் வாழ்க.

அவள் உன்னை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை, எழிலா. நீயும் அவளை விட்டுக்கொடுக்காதே.